தாங்கல், தாங்கல், தாங்கல்!

"தாங்கல், தாங்கல், தாங்கல்! ஏறிக்கோ, ஏறிக்கோ, தாங்கல்!"

கண்ணை இறுக மூடிக்கொண்டு, மினி பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் வலது கையால் தாளம் தட்டிக்கொண்டு புகழேந்தி கூவுகிறார். திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணி. கிரிவலம் முடித்துக் கால் நொந்து வந்த வெளியூர் அம்மாள் ஒருத்தி பதறிப்போய் அவர் தோளைத் தொட்டாள். கைப்பையைத் துழாவித் தைலப் புட்டியை எடுத்து நீட்டினாள்.

"எங்கப்பா வலிக்குது? தாங்கல தாங்கலன்னு இந்தக் கத்து கத்துறியே!"

"வலி இல்லம்மா, ஊரு! பூவரசந்தாங்கல். எங்க ஊரும்மா அது!"

சொல்லிவிட்டுத் தைலத்தையும் வாங்கித் தொண்டையில் ஒரு சொட்டு தடவிக்கொண்டார். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் அவள் கால்வலி பாதி போயிருக்கும்.

புகழேந்திக்கு ஐம்பத்தொரு வயது. பேருந்துகளுக்கு ஆள் கூப்பிடுவது தொழில். ஊர்ப் புகழை ஏந்திக்கொண்டு திரியப்போகிறான் என்று பெற்றவர்களுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, பெயரை அப்போதே வைத்துவிட்டார்கள். காலை ஆறு மணிக்குச் செங்கம் பஸ்ஸில் ஆரம்பித்தால் வேலூர், செஞ்சி, திண்டிவனம் என்று மதியம்வரை ஓயாது. வேலூருக்கு வெடுக்கென்று ஒரு வெட்டு; செங்கத்துக்குக் கடைசியில் ஒரு இழுப்பு; திண்டிவனத்தை மட்டும் மூக்கால் சொல்வார். கண்ணை ஏன் மூடிக்கொள்கிறார் என்று கேட்டால் தயாராகப் பதில் வைத்திருக்கிறார். "வர மாட்டேன்றவன் மூஞ்சியப் பாத்தா கொரலு கம்மியாயிடும். மூஞ்சியே பாக்கலன்னா எல்லாரும் வர்றவங்கதான்!"

தொண்டைக்கு நடக்கிற உபசாரத்தைப் பார்க்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் கிடையாது. ஐஸ்கிரீம் வண்டி வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு துண்டு அதிமதுரம். வீட்டில் பேசவே மாட்டார்; எல்லாம் கைச்சாடைதான். அவர் மனைவி சந்திரகலா இதைச் சொல்லும்போது தலையில் அடித்துக்கொண்டே சிரிப்பார். "கல்யாணமான புதுசுல ஊமையக் கட்டி வெச்சிட்டாங்கன்னு ஒரு மாசம் அழுதேங்க. ஒரு நாளு பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தேன். அப்பதான் தெரிஞ்சிச்சி, எனக்கு வர வேண்டிய பேச்செல்லாம் செஞ்சி பஸ்ஸுக்குப் போய்க்கினு இருக்குதுனு."

பூவரசந்தாங்கலை வரைபடத்தில் தேடினால் விரல்தான் தேயும். கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே ஏழு கிலோமீட்டர். ஓர் ஏரி, கரைமேல் இரண்டு பஜ்ஜிக் கடை, ஞாயிற்றுக்கிழமை சந்தை. ஏரியில் வாத்து வடிவத்தில் மிதிபடகு இரண்டு. அதில் ஒரு வாத்துக்குக் கழுத்து கிடையாது. பூங்கா என்று ஒன்று உண்டு. அதில் ஒரு சிமென்ட் ஒட்டகச்சிவிங்கி. பொங்கலுக்கு மாட்டுக்கொம்பில் அடித்து மீந்த மஞ்சளும் நீலமும் இப்போது அதன் கொம்பில் இருக்கின்றன. பிள்ளைகள் பனைமட்டையில் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு வரும் ஒரு சறுக்குப்பாறை. கோட்டைமேடு என்று பெயர் மட்டும் கனமாக ஒரு மண்மேடு, அதன்மேல் ஆடுகள். பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் ஒரு கல்செக்கு. இடுப்பு உயரம், விளிம்பைச் சுற்றிப் பழைய எழுத்து. கல்லூரியிலிருந்து வந்து மாவு பூசிப் படித்துப் பார்த்த ஒருவர், ஆயிரம் வருஷம் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊருக்கு எண்ணெய் ஆட்ட ஒருவன் செய்துவைத்து, மறக்காமல் தன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறானாம்.

அதே ஊரை அவர் வாயால் கேளுங்கள்.

"நவாப்பு குதிர வந்து தண்ணி குடிச்ச ஏரி! ஜாஸ்தி குடிச்சிட்டு எந்திரிக்க மாட்டேன்னுடுச்சி! குதிரையே போவ மாட்டேன்ன ஊருக்கு நீ வர மாட்டேன்றியே! கோட்ட கீது, படகு கீது, ஒட்டகச்சிவிங்கி கீது! ஆயிரம் வருஷத்துக்கு முந்தி எண்ண ஆட்டுனவன் கையெழுத்து கீது! ஏறு, ஏறு!"

இந்தத் தொழிலுக்கு அவரிடம் ஒரு சட்டமும் உண்டு. "கூட்டிச் சொல்லுவேன். இல்லாததச் சொல்ல மாட்டேன்." ஒட்டகச்சிவிங்கி உயிரோடு இருக்கிறதா என்று கேட்டால் சிமென்ட் என்று சொல்லிவிடுவார். கேட்காதவர்களுக்கு அவர் பொறுப்பில்லை.

வம்பு பங்குனி பிறந்ததும் வந்தது. மினி பஸ் முதலாளி கோதண்டராமன் ஒரு நாள் பேருந்து நிலையத்துக்கு வந்து, வண்டியின் முன்பலகையில் கடைசியாக எழுதியிருந்த பூவரசந்தாங்கல் என்ற பெயர்மேல் விரலை வைத்தார்.

"ஞாயித்துக்கெழம மத்தியான ட்ரிப்பு காலியாப் போவுது புகழேந்தி. கீழ்பென்னாத்தூர் தாண்டுனா நம்ம தாமரக்கூடைங்க ஒம்போது, டிரைவரு, கண்டக்டரு, அவ்ளோதான். இன்னும் நாலு ஞாயிறு பாப்பேன். நாலாவது ஞாயிறு நானே வந்து நின்னு பாப்பேன். வண்டி ரொம்பலன்னா கீழ்பென்னாத்தூரோட திருப்பிக்கினு வந்துடுவேன்."

தாமரைக்கூடைகள் ஒன்பது என்றால் ஒன்பது பெண்கள். விடியற்காலையில் ஏரியில் பூ பறித்து, முதல் பஸ்ஸில் கொண்டுவந்து கோயில் வாசலில் விற்றுவிட்டு, ஞாயிறு மத்தியான பஸ்ஸில் ஊர் திரும்புகிறவர்கள். அந்த பஸ் நின்றால் கூடையோடு ஏழு கிலோமீட்டர், பங்குனி வெயிலில் நடை. அவர்களில் மூத்தவர் திரௌபதி. அரம் போட்டது மாதிரிப் பேசுகிறவர். "நாங்க நடந்துடுவோம் புகழு. ஞாயித்துக்கெழம பலகையில ஊரு பேரு இல்லன்னா நீ என்னாத்தக் கூவுவ?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைப் புகழேந்தி வீடுவரை சுமந்துகொண்டு போனார். இருபத்தாறு வருஷமாக ஊரார் ஊரையெல்லாம் கூவிக் கொடுத்தவர் அவர். சொந்த ஊர்ப் பெயரைக் கூவக் கிடைத்தது இந்த ஒரு வண்டிதான்.

முதல் ஞாயிறு, கால்வலிக்காரர்களைக் குறிவைத்தார். "பதினாலு கிலோமீட்டரு நடந்த காலு! தாங்கல் ஏரியில ஒரு முக்கு முக்கு, வீட்டுக்குப் போயி சொல்லு!" நாலு பேர் ஏறினார்கள். இரண்டாவது ஞாயிறு ஆறு பேர். அதில் ஒரு குடும்பம் மாலையில் திரும்பி வந்து நேரே அவரிடம் நின்றது.

"ஏங்க, கோட்டைன்னீங்களே, ஆடுதான் நிக்குது?"

"ஆடு இன்னா கீழயா நிக்குது? கோட்ட மேலதான நிக்குது!"

அந்த வீட்டு அம்மாள் சிரித்துவிட்டாள், தப்பித்தார். ஆனால் ஆறு பேரை வைத்துக்கொண்டு கோதண்டராமனை ஏமாற்ற முடியாது.

அந்த வாரம் தேர்தல் தேதி வந்தது. கூடவே விதிமுறையும் வந்தது. சுவரிலோ கம்பத்திலோ எந்தக் கட்சிச் சின்னமும் வெளியே தெரியக் கூடாது என்று சொல்லி, தினக்கூலிக்கு ஆள் வைத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். தாங்கலுக்கு வந்து சேர்ந்தவர் இராமலிங்கம். ஒரு வேலையைச் சொன்னால் சொன்னதற்கு மேல் செய்கிற உத்தமர். கொடிக்கம்பம், பால் பூத்து, கிணற்று மேடை எல்லாவற்றையும் மூடி முடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் போனார்.

அங்கேதான் கல்செக்கு இருக்கிறது. பக்கத்தில் ஊர் இளைஞர்கள் வைத்த பலகை. அதை எழுதியவர் வருஷம் முழுக்கக் கட்சிகளுக்குச் சுவர் எழுதுகிறவர். கைப்பழக்கம் விடுமா? 'பாதுகாக்கப்பட வேண்டிய புராதனச்' என்பதைப் பொடி எழுத்தில் மேலே ஒதுக்கிவிட்டு, 'சின்னம்' என்பதை முழ உயரத்துக்கு எழுதி, செக்கைக் காட்டி ஓர் அம்புக்குறியும் போட்டிருந்தார்.

இராமலிங்கம் பார்த்தார். தார்ப்பாய் எடுத்தார். செக்கை மேலிருந்து கீழ்வரை சுற்றி, நைலான் கயிற்றால் பதினோரு முடிச்சுப் போட்டார்.

"யோவ், அது செக்குய்யா!" என்று ஊர் கத்தியது.

"செக்கா இருந்தா இன்னா? சப்பாத்திக் கட்டையவே சின்னமாக் குடுக்கறாங்க, செக்கக் குடுக்க மாட்டாங்களா? நீங்களே சின்னம்னு எழுதி வெச்சிருக்கீங்க. புராதனம்னு ஒரு கட்சி நான் கேள்விப்பட்டதில்ல. புதுசா வந்திருக்கும்."

அவ்வளவுதான். தேர்தல் விவகாரம், கை வைத்தால் கேஸ் ஆகிவிடும் என்று ஒருவரும் முடிச்சைத் தொடவில்லை.

மூன்றாவது ஞாயிறு விடியற்காலை, பூக்கூடையை இறக்கி வைத்துக்கொண்டே திரௌபதி இந்தச் சேதியைச் சொன்னார். புகழேந்தி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். செஞ்சி பஸ் வந்து நின்றும் எழவில்லை. செஞ்சி பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, "வீட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லியா?" என்று விசாரித்தார்.

"எழுத்தோட இருந்தது ஒரே ஒரு சரித்திரம். அதையும் மூட்ட கட்டிட்டாங்களே!"

"அட, நீ ஒண்ணு," என்றார் திரௌபதி. "நாப்பது வருஷமா அந்தக் கல்லத் தாண்டித்தான் தண்ணிக்குப் போறேன். ஒரு நாளு நின்னு பாத்ததில்ல. இப்ப கட்டி வெச்சதுலேந்து தெனமும் நின்னு பாத்துட்டுத்தான் போறேன். உள்ள இன்னாதான் கீதுனு எனக்கே ஒரு சந்தேகம் வந்துடுச்சி."

புகழேந்தி மெதுவாக எழுந்தார். அதிமதுரத்தை வாயில் போட்டார். பதினொன்றரை ஆனதும் கண்ணை மூடினார்.

"மூடி வெச்சிருக்காங்க! ஆயிரம் வருஷத்துச் சரித்திரத்த மூடி வெச்சிருக்காங்க! பதினோரு முடிச்சு! தொட முடியாது, பாக்க மட்டும்தான்! இப்ப வுட்டா அப்பறம் தொறந்துடுவாங்க! தாங்கல், தாங்கல், தாங்கல்!"

ஒன்பது கூடைகள் போக இன்னும் பதினான்கு பேர் ஏறினார்கள்! ஒட்டகச்சிவிங்கிக்கு வராதவர்கள், நவாப்பின் குதிரைக்கு வராதவர்கள், ஒரு தார்ப்பாயைப் பார்க்க ஏறினார்கள். தாங்கலில் அன்று திருவிழாதான். தார்ப்பாயைச் சுற்றி நின்று ஆளாளுக்கு ஆரூடம் சொன்னார்கள். உள்ளே என்ன என்று கேட்டால், பஜ்ஜி வியாபாரம் கெட்டுவிடும் என்று ஊர்க்காரர்கள் சிரித்து நழுவினார்கள். திருவண்ணாமலையில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஒரு கனத்த மனிதர், உள்ளே இருப்பது பீரங்கிதான் என்று அடித்துச் சொன்னார். அவர் மனைவி, புதையல் குடம் என்றார். இரண்டு பேருக்கும் பேச்சு முற்றி, பஜ்ஜி தின்றுதான் சமாதானம் ஆனது. யாரோ தார்ப்பாய்க்குக் குங்குமம் வைத்துவிட்டார்கள். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் அதன்முன் சம்மணம் போட்டு ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பஸ் ஏறுவதற்கு முன்னால் உள்ளே என்ன என்று புகழேந்தியை அவர் கேட்டபோது, "இன்சைட் ஹிஸ்டரி சார், அவுட்சைட் தார்ப்பாய்" என்று பதில் கிடைத்திருந்தது. கழுத்து இல்லாத வாத்துக்குக்கூட அன்று வரிசை நின்றது.

அந்த ஒரு வாரம் புகழேந்தியின் கால் தரையில் படவில்லை. அடுத்த ஞாயிறு முதலாளி வந்து பார்க்கட்டும், வண்டி பிதுங்கும் என்று டீக்கடையில் சவால்விட்டார். வீட்டில் கைச்சாடையில்கூட ஒரு துள்ளல் வந்துவிட்டதாகச் சந்திரகலா சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் திரௌபதியிடமிருந்து போன்.

"புகழு, பெரிய ஆபீசரு ஜீப்புல வந்தாரு. தார்ப்பாயப் பாத்தாரு, பலகையப் படிச்சாரு. சிரிக்கறாரு சிரிக்கறாரு, ஜீப்பப் புடிச்சிக்கினு சிரிக்கறாரு. அந்த இராமலிங்கத்த வெச்சே பதினோரு முடிச்சையும் அவுக்கச் சொல்லிட்டாரு. இப்ப வெறும் செக்குதான் நிக்குது."

போனை வைத்துவிட்டு, முடிச்சை அவிழ்ப்பதுபோல் விரலை ஆட்டி மனைவிக்குச் சேதியைச் சாடையில் சொன்னார். சந்திரகலாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, நாளைக்கி ஒரே ஒரு நாளு மூடிதான் கீதுன்னு கூவிடுங்களேன். அங்க போயிதான தெரிஞ்சிக்கப் போறாங்க? முதலாளி பாத்துட்டுப் போயிடுவாரு. அந்தப் பொம்பளைங்களுக்கு பஸ் இருக்கும்ல?"

"இல்லாததச் சொல்ல மாட்டேன்!"

பேருந்து நிலையத்துக் குரலில் வந்துவிட்டது. பாத்திரங்கள் அதிர்ந்தன. வீட்டுக்குள் அவர் பேசிக் கேட்டே அறியாத அக்கம்பக்கத்தார் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்கள். சந்திரகலாவுக்குப் பயமும் பெருமையும் ஒன்றாக வந்தன. "எங்க வூட்டுக்காரருக்கு வாயி கீதுங்க" என்று வாசலில் நின்று எல்லோருக்கும் சொல்லி அனுப்பினார்.

நாலாவது ஞாயிறு. கோதண்டராமன் சொன்னபடி வந்து, வண்டியின் முன்வாசல் படியில் ஏறிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தாமரைப் பெண்கள் ஒன்பது பேரும் ஏறி உட்கார்ந்து, காலிக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகப் புகழேந்தியையே பார்த்தார்கள். பதினொன்றரை ஆயிற்று. பதினொன்றே முக்கால் ஆயிற்று. அவருக்கு என்ன கூவுவதென்று தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, வண்டிக்குப் பக்கத்தில் கண்ணைத் திறந்துகொண்டு நின்றார்.

திறந்த கண்ணில் முதலில் பட்டவர் அந்தப் பாத்திரக் கடைக்காரர். காய்கறிப் பையோடு போய்க்கொண்டிருந்தவர் இவரைப் பார்த்து நின்றார்.

"என்னா புகழேந்தி, இன்னும் மூடிதான் வெச்சிருக்காங்களா?"

பொய் சொல்லத் தெரியாத வாய். "தொறந்துட்டாங்க" என்றார், ஈனக்குரலில்.

"என்னாது!" கடைக்காரர் கையிலிருந்து பை நழுவியது. கத்திரிக்காய் உருண்டது. "தொறந்துட்டாங்களா? உள்ள இன்னா? பீரங்கியா? இரு, இரு, சொல்லாத! சொல்லிடாத! பொண்டாட்டியக் கூட்டியாறேன். அவளும் பாக்கணும். வண்டிய எடுத்துடாதய்யா!"

கத்திரிக்காயை அப்படியே விட்டுவிட்டு அந்தக் கனத்த உடம்பு ஓடியது. புகழேந்தி ஓடுகிறவரைப் பார்த்தார், கத்திரிக்காயைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு கூவல் கிளம்பியது பாருங்கள்!

"தொறந்துட்டாங்க! தொறந்துட்டாங்க! பதினோரு முடிச்சையும் அவுத்துட்டாங்க! ஆயிரம் வருஷத்துக் கல்செக்கு! தாங்கல், தாங்கல், தொறந்துட்டாங்க!"

பேருந்து நிலையமே திரும்பிப் பார்த்தது. போன வாரம் வந்த பதினாலு பேரில் திருவண்ணாமலைக்காரர்கள் ஒருவர் விடாமல் வந்து சேர்ந்தார்கள். எப்படித்தான் சேதி போனதோ! வாரம் பூராவும் அந்தத் தார்ப்பாய் அவர்களைத் தூங்கவிட்டிருக்காது. அவர்களைப் பார்த்து மற்றவர்கள் ஓடிவந்தார்கள். எதைத் திறந்தார்கள் என்றே தெரியாமல் ஒரு கிரிவலக் கூட்டம் ஓடிவந்து ஏறியது. "சொர்க்கவாசலா?" என்று கேட்ட ஒருவரிடம், "செக்குங்க, எண்ணச் செக்கு!" என்று புகழேந்தி உண்மையைத்தான் சொன்னார். கேட்டவர் காதில் வாங்காமல் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம்பிடித்தார். வெள்ளைக்காரர் இரண்டு நண்பர்களோடு வந்தார். பாத்திரக் கடைக்காரர் மனைவியோடு வந்து, யாரும் சொல்லிவிடக் கூடாதென்று இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு ஏறினார்.

கூட்டம் தள்ளிய தள்ளலில் கோதண்டராமன் தன் வண்டியிலிருந்தே கீழே வந்துவிட்டார். சட்டைப் பொத்தான் ஒன்றைக் காணவில்லை. "தாங்கல! வண்டி தாங்கல புகழேந்தி!" என்று அலறினார். உள்ளேயிருந்து ஒன்பது பெண்களும் ஒரே குரலில் சிரித்தார்கள். கண்டக்டர் விசில் ஊத, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே புறப்பட்டது. திரௌபதி ஜன்னலுக்கு வெளியே காலிக்கூடையை ஆட்டிக்கொண்டே போனார்.

வண்டி போன பிறகும் ஏற முடியாதவர்கள் பதினெட்டு, இருபது பேர் அங்கேயே நின்றார்கள். போகவில்லை. புகழேந்தியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏங்க, அடுத்த பஸ் எப்போ?"

இருபத்தாறு வருஷத்தில் இந்தக் கேள்விக்கு அவர் தடுமாறியதில்லை. இப்போது தடுமாறினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாங்கலுக்கு அடுத்த பஸ் ஏது? திரும்பி முதலாளியைப் பார்த்தார். கூட்டமும் முதலாளியைப் பார்த்தது. கோதண்டராமன் கடிகாரத்தைப் பார்த்தார், பொத்தான் போன சட்டையைப் பார்த்தார், அந்த இருபது முகங்களையும் பார்த்தார்.

"சரி," என்றார். "வண்டி திரும்பி வந்ததும் ரெண்டே காலுக்கு இன்னொரு ட்ரிப்பு வுடறேன். ஆனா இது இன்னிக்கி மட்..."

புகழேந்தியின் உள்ளங்கை முதலாளியின் வாயைப் பொத்தியது. பொத்திய கையை எடுக்காமலே கூட்டத்தின் பக்கம் திரும்பி, "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம, ரெண்டே காலுக்கு!" என்று கூவினார்.